கொடைரோட்டுக்காரர்கள் வருவார்கள்

அந்தமான்

அன்புள்ள இளவேனில்,

நீயும் பாப்பாவும் சுகமா? உன் இடுப்பு வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் கொடைரோடு ராமர் அண்ணன். கூட வருவது அவர் மனைவி பொன்னழகு அக்கா. தீவைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். நான் காவல் நிற்கும் கடற்கரையில், படம் எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே நடந்த அண்ணனை நேற்று அலை இழுத்துவிட்டது. நீந்திப் போய்க் கூட்டி வந்தேன், அவ்வளவுதான். அவர்கள் கூட்டிச் சொல்வார்கள், நம்பாதே. என் முழங்காலில் பாறை லேசாக உரசியது.

கரையில் மூச்சு வந்ததும் அண்ணன், "அப்பு, செத்த நேரம் கைய விட்றாத" என்றார். நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்த பிறகும் நான்தான் கையை விடவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துவிட்டு, "வீட்டுக்கு எதுவும் சொல்லணுமாப்பு? நேர்லயே போய்ச் சொல்றோம்" என்றார்.

பருப்புப் பொடி அனுப்பும்போது, பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்க வேண்டும், அளவு தெரியவில்லை.

படகு கிளம்புகிறது, அண்ணன் கூப்பிடுகிறார். அவர்களைக் காபியோடு அனுப்பிவிடாதே. இருந்து சாப்பிட்டுப் போகட்டும். நானே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

உன்
ஆனந்த்ராஜ்