பெயர் சொல்லாத சோடாக் கொம்பனி

1954 மார்ச் 3, புதன்

பாலமுனைத் தேத்தண்ணிக் கடைக்காரன் இன்று எங்கள் முப்பிறைச் சோடாப் போத்தல்களைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான். முன்னுக்கு முழுக்க வாத்து மார்க். மட்டக்களப்பிலிருந்து புதிதாக வருகிற சோடா. வெறும் சீனித் தண்ணீர், அதில் ஒரு வாத்துப் படம். கேட்டால், "சனம் அதத்தான் கேக்குது காக்கா, நான் என்ன செய்ய?" என்கிறான்.

முதலாளியிடம் சொன்னேன். சீனிமுகம்மது ஹாஜியார் உடனே வேலையை நிறுத்தி எல்லாரையும் முற்றத்தில் கூட்டினார். "நம்மட ஆக்கள் வாயத் தொறக்கிறல்ல. அதான் வாத்துக்காரன் ஏறி வாறான். கலியாண ஊடோ, சந்தையோ, பஸ்ஸோ, எங்க போனாலும் முப்பிறைச் சோடாவப் பத்திக் கதைக்கணும். விளங்கினயா?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். என்னைப் பார்த்து, "கன்வாசர், இது உன்ட பொறுப்பு" என்றார்.

கடை கடையாய் ஏறி சோடா விற்பது என் பொறுப்பு. அடுத்தவன் வாயைத் திறக்க வைப்பதும் என் பொறுப்பா?

மார்ச் 14, ஞாயிறு

புது மெசின் திறப்பு விழா. பந்தல், வாழை, பகுதி அதிகாரி டி.ஆர்.ஓ. துரைக்கு மாலை, மெசின் கொண்டுவந்த ஏஜெண்டுக்கு மாலை, பிரியாணி. எங்கள் ஆட்கள் எல்லாரும் வேலி ஓரம் நின்றார்கள். போத்தல் கழுவுகிற சபூறா ராத்தாவும் மற்றப் பெண்களும் பின்னுக்கிருந்து விருந்தாளிகளின் கிளாஸ் கழுவினார்கள். அவர்களுக்கு இன்றும் கழுவல்தான்.

முதலாளி பேசினார். அல்லாஹ்வைப் புகழ்ந்தார், சரி. துரையைப் புகழ்ந்தார். மெசினைப் புகழ்ந்தார். கடைசியில், "நம்மட இஞ்சிச் சோடாவுக்கு இண்டைக்கு இந்தப் பேர் எண்டால் அதுக்குக் காரணம் என்ட மருமகன்ட மூளை" என்று மருமகனை எழுப்பி நிறுத்திக் கைதட்ட வைத்தார்.

எனக்குக் காது சுட்டது. மருமகன் கொழும்பிலிருந்து வந்ததே போன வருஷம். இஞ்சிச் சோடா அதற்கு எவ்வளவோ முந்தியது. எங்களிடம் பாகு காய்ச்சுகிற தம்பிலுவில் வேலப்போடியண்ணன் பச்சை இஞ்சியை இடித்து, பாகில் காய்ச்சி, தேசிக்காய்த் தோல் போட்டு, சரிவராமல் கீழே ஊற்றி, மறுபடி காய்ச்சி - அந்த முதல் போத்தல்களைக் குடித்து நாக்கு வெந்தவனே நான்தான். முதலாளியும் பக்கத்தில் நின்றார். மறந்துவிட்டாரா? மறக்கிற விஷயமா அது?

வேலப்போடியண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் கைதட்டிக்கொண்டு நின்றார்.

"என்னண்ண இது?"

"உடுங்க தம்பி. பெரிய மனிசர்ர கதை."

பிரியாணி சாப்பிடாமல் பஸ்ஸேறிப் போய்விட்டார். வயிறு சரியில்லையாம்.

மார்ச் 27, சனி

சாய்ந்தமருதில் பெரிய கலியாணம். பெண் வீட்டுக்காரர் சபூறா ராத்தாவின் அடுத்த வளவு. எந்தச் சோடா எடுப்பது என்று அவவிடம்தான் கேட்டிருக்கிறார்கள், சோடாக் கொம்பனியில் வேலை செய்கிறவ என்று. அவ, "எனக்கென்ன தெரியும் புள்ள, நான் போத்தல் கழுவுறவ" என்று சொல்லிவிட்டா. பந்தல் முழுக்க வாத்து மார்க்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் நேரே கழுவுகிற இடத்துக்குப் போய் அவவை ஏசினேன்.

அவ கையைத் துடைக்கவும் இல்லை. "ஜவுபர் தம்பி, இந்தத் தண்ணிக்குள்ள நிண்டு நிண்டு என்ட காலெல்லாம் வெடிச்சிப் போச்சி. முதலாளிட்ட கேளுங்க, என்ட பேர் என்ன எண்டு. 'ஏய், வெள்ளைச்சீலை' எண்டுதான் கூப்பிடுற. பேர் தெரியாத ஆளுக்கு நான் என்னத்துக்குப் பேர் எடுத்துக் குடுக்கணும்?"

அவ புருஷன் மௌத்தாகி இவ்வளவு காலமாகியும் வெள்ளைச்சீலைதான் அவவுக்குப் பெயர். அதை நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்?

மார்ச் 29, திங்கள்

நிந்தவூரில் ஒரு கடைக்காரர் கேட்டார், ரெண்டிலும் எது நல்லம் என்று. "ரெண்டும் சோடாதானே" என்று வாயில் வந்துவிட்டது. நான் சொன்னேனா அதை? நானா?

ஏப்ரல் 9, வெள்ளி

ஜும்ஆ முடிந்து முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். இதுதான் நேரம் என்று போய்ச் சொன்னேன். ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. செய்த வேலைக்கு ஒரு சொல் இல்லை, அதுதான் மனம் விட்டுப்போனது. வேலப்போடியண்ணனை நாலு பேருக்கு முன்னால், 'இது இவர் செய்தது' என்று சொன்னால் போதும் - காசு கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதர் ஊர் முழுக்க நம் சோடாவைத் தலையில் வைத்துத் திரிவார்.

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சம்பளம் குடுக்கன்தானே?"

"ஓம் முதலாளி."

"பெருநாளைக்கு உடுப்பு எடுத்துக் குடுக்கன்தானே?"

"ஓம்."

"பொறகென்ன? ஒவ்வொருத்தன்ட பேரயும் சொல்லிப் புகழ்றதுக்கு இதென்ன மவுலூது மஜ்லிஸா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பிறகு ஒரு கட்டளை: முப்பிறையைப் புகழ்ந்து கதைக்காத ஆளுக்கு இனி வேலை இல்லை.

ஏப்ரல் 12, திங்கள்

கட்டளையின் பலன். லொறி டிறைவர் பக்கீர் கல்முனைச் சந்தி நடுவில் நின்று, "முப்பிறைச் சோடா நல்ல சோடா! முப்பிறைச் சோடா நல்ல சோடா!" என்று ஓதல் மடத்துப் பிள்ளை பாடம் சொல்வது போல ராகம் இழுத்துக் கத்தினான். சந்தியே சிரித்தது. மீன்காரன் ஒருவன், "உன்ன ஆரு அடிச்ச மச்சான்?" என்று கேட்டான்.

வாத்துக்காரனுக்கு இதைவிட வேறு விளம்பரம் வேண்டாம்.

மே 16, ஞாயிறு

நோன்பு. நோன்பு திறக்கிற மஃரிபுக்குப் பிறகுதான் வியாபாரம். அதுவும் பாதி.

யூன் 5, சனி

பெருநாள் போய்விட்டது. போன வருஷம் பெருநாளைக்குப் போத்தல் போதாமல் ஓடித் திரிந்தோம். இந்த முறை பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. "நீ உசாரில்ல கன்வாசர். உன்னால்தான் எல்லாம்" என்றார் முதலாளி.

நான் வீட்டுக்கு வந்து என் பெண்சாதி றபீக்காவை ஒன்றுமில்லாததற்குச் சத்தம் போட்டேன். அவ சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டா. பாவம். முதலாளிக்குச் சொல்லவேண்டியதை யாருக்குச் சொன்னேன்.

யூன் 21, திங்கள்

இன்று ஒரு வேலை செய்தேன். சரியோ பிழையோ தெரியாது.

தம்பிலுவில் கடையில், வழக்கம் போல, "எங்களுக்கு வாத்துப் போதும்" என்றார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த இஞ்சிச் சோடாவ உண்டாக்கினது ஆரெண்டு தெரியுமா? உங்கட ஊர் வேலப்போடியண்ணன். அவர்ர கையால காய்ச்சின இது" என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்தார். "நம்மட வேலப்போடியா? எங்களுக்கு அவர் ஒருநாளும் சொல்லல்லயே!"

கடை வாங்கில் குந்தியிருந்த ரெண்டு பேர் அந்த இடத்திலேயே உடைத்துக் குடித்தார்கள். கடைக்காரர் ரெண்டு பெட்டி இறக்கினார்.

யூலை 10, சனி

திருக்கோவில் பக்கமெல்லாம் இப்போது "வேலப்போடி சோடா" என்றுதான் கேட்கிறார்கள். முப்பிறை என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. பக்கீர் இதைச் சிரித்துக்கொண்டே முதலாளியிடம் சொல்லிவிட்டான், மடையன்.

"என்ட சோடாவுக்கு அவன்ட பேரா? ஆரு கெளப்பின இத?"

நான் என்று சொன்னேன். ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியட்டும், பிறகு உன் கதையைப் பார்க்கிறேன் என்றார். தீர்த்தத்துக்குச் சனம் கடல் போல வரும், கடை போட நான் வேண்டும். அதனால்தான் தவணை.

யூலை 29, வியாழன்

உடம்பெல்லாம் மணல். ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

திருக்கோவிலில் விடிய முன்னமே கடை போட்டோம். எதிரில் வாத்துக்காரன், எங்களைவிடப் பெரிய பந்தல். தீர்த்தமாடிவிட்டு ஈர வேட்டியோடு வேலப்போடியண்ணன் பெண்சாதியோடு வந்தார். கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்தேன். "நீங்க நிண்டாப் போதும் அண்ண. நான் கதைக்கன்."

முதலில் கூச்சப்பட்டார். ஊர்ச் சனம் கண்டுவிட்டது. "அட, வேலப்போடி! நீயா இதச் செய்யிற? தா பாப்பம்." தன் கையாலேயே போத்தல் வாய்க் கோலிப் போளையை அமத்தி உடைத்துக் கொடுத்தார். இத்தனை காலம் காய்ச்சினவர், குடிக்கிறவர் முகத்தை இன்றுதான் நேரே பார்க்கிறார்.

வெயில் ஏறும்போது முதலாளியின் கார் வந்து நின்றது. கடைக்கு முன்னால், "வேலப்போடி சோடா! இஞ்சால ரெண்டு!" என்று சனம் நெருக்குகிறது. அவர் முகம் கறுத்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரம் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர், அவ்வளவு மரியாதைப்பட்ட மனிதர், முதலாளிக்குக் கை கூப்பி, "ஹாஜியார், எங்கட ஊர் மனிசனுக்கு இப்பிடி ஒரு இடம் குடுத்திருக்கீங்க. நல்லா இருக்கணும்" என்றார்.

சுற்றிலும் எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் வேலப்போடியண்ணனைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ. கிட்ட வந்து, ஈரத் தோளில் கையை வைத்து, "ஓம். இஞ்சிச் சோடா இவர் உண்டாக்கினதுதான். இவரில்லாட்டி முப்பிறைக்கு இந்தப் பேர் வந்திராது" என்றார்.

வேலப்போடியண்ணன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெண்சாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. ரெண்டு கையிலும் போத்தலோடு தெருவுக்கு இறங்கிவிட்டார். "முப்பிறை! எங்கட கொம்பனிச் சோடா! வந்து குடிச்சிப் பாருங்க!" கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போனது. எங்கள் கொம்பனி என்கிறார்! பகல் சாய முன் எல்லாப் பெட்டியும் காலி.

ஓகஸ்ட் 14, சனி

முதலாளிக்கு ருசி பிடித்துவிட்டது. போத்தல் கழுவுகிற இடத்துக்குப் போய், "சபூறா, நீ கழுவின போத்தல்ல ஒரு தூசி இரிக்காதாம், கடைக்காரனுகள் சொல்றானுகள்" என்றாராம். ராத்தா என்னிடம் வந்து இதை ரெண்டு தரம் சொன்னா. சாய்ந்தமருதில் இந்த மாதம் நடந்த கலியாணம் எல்லாம் நம்முடையது. யாரும் அவவை அனுப்பவில்லை. தானாகவே வீடு வீடாய்ப் போய்ச் சொல்கிறா.

சந்தோசம்தான். சந்தோசமில்லாமல் என்ன?

ஓகஸ்ட் 22, ஞாயிறு

வர்த்தகர்கள் கூடியிருந்தார்கள். முதலாளியைப் பேசச் சொன்னார்கள், முப்பிறை எப்படி எழும்பியது என்று. நான் பின்னுக்கு நின்று எல்லாருக்கும் போத்தல் உடைத்துக் கொடுத்தேன்.

"வேலையாளுட பேரச் சொல்லணும். நாலு பேருக்கு முன்னால சொல்லணும். பொறகு அவனே நம்மட யாவாரத்த ஊரெல்லாம் கொண்டு போவான். இது ஆரும் சொல்லித் தந்ததில்ல, என்ட புத்தியில வந்தது" என்றார்.

மருமகன் தலையை ஆட்டினார். ஒருவர் என்னைக் காட்டி, "இவர் ஆரு?" என்று கேட்டார்.

"அது நம்மட கன்வாசர்."

அவ்வளவுதான். அடுத்த போத்தலை உடைத்தேன்.

நான் மாலையா கேட்டேன்? என் பெயர் மூன்று எழுத்தா நான்கு எழுத்தா - அதைச் சொல்ல எவ்வளவு நேரம் போகும்?

செப்டெம்பர் 7, செவ்வாய்

பாலமுனைக் கடையில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை. வாத்து மார்க் முதலாளி சாமித்தம்பி.

"நீங்கதானே ஜவுபர்?"

ஓம் என்றேன்.

"தீர்த்தம் அண்டைக்கு வேலப்போடியக் கொண்டு நிப்பாட்டினது நீங்கதானே? எங்கட யாவாரத்த அடிச்சி உடைச்ச ஆள் எப்பிடி இருப்பார் எண்டு பாக்கத்தான் வந்த நான்."

கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி வாங்கித் தந்தார். வேலைக்கு வரச் சொன்னார். யோசிக்கவேணும் என்று எழும்பி வந்துவிட்டேன்.

என் வேலையை எனக்கு எடுத்துச் சொன்ன முதல் ஆள், நான் தோற்கடித்த ஆள்.

செப்டெம்பர் 25, சனி

வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. "என்ன குறை உனக்கு? சொல்லு. சம்பளமா?"

இல்லை என்றேன்.

"ஆரும் ஏசினதா?"

இல்லை.

"பொறகென்ன?"

எப்படிச் சொல்வது? பெண்சாதி பிள்ளை உள்ள ஆண்பிள்ளை, என் பெயரை நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை என்று நின்று கேட்க வாய் வருமா? மற்றவர்களுக்காகக் கேட்கும்போது அவ்வளவு சுகமாக வந்த சொல், எனக்காக வரவில்லை. நன்றி கெட்டவன் என்றார். கேட்டுக்கொண்டு வந்தேன்.

படலைக்கு வெளியே வேலப்போடியண்ணன் காத்துக்கொண்டு நின்றார். "தம்பி, போகாதீங்க எண்டு சொல்ல எனக்கு வாயில்ல" என்றார்.

ஒக்டோபர் 17, ஞாயிறு

வாத்து மார்க்கில் வேலைக்குச் சேர்ந்தபின் நேற்றுத்தான் மட்டக்களப்பிலிருந்து லீவில் வந்தேன். இன்று பகல் சோறு தின்னும்போது மச்சானும் இருந்தார். அங்கே போத்தல் எப்படிச் சுடுதண்ணீரில் கழுவுகிறார்கள், தோடம்பழச் சோடா எவ்வளவு நல்லம், சாமித்தம்பி முதலாளி எல்லாரையும் கூட்டி, "இவர்தான் கல்முனை ஜவுபர்" என்று சொன்னது - சொல்லிக்கொண்டே போனேன். அடுத்த மாதம் மச்சான் மகளின் கலியாணத்துக்குத் தோடம்பழச் சோடா நானே இறக்கித் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் கேட்கக்கூட இல்லை.

றபீக்கா கறிச்சட்டியோடு நின்றவ அப்படியே நின்றுவிட்டா.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்ல. முப்பிறையில இவ்வளவு காலம் இருந்தீங்க. இந்த ஊட்டுல அந்தச் சோடாவப் பத்தி நீங்க இப்பிடிக் கதைச்சி நான் ஒருநாளும் கேட்டதில்ல."

மச்சான் சிரித்தார். நான் சோற்றைப் பிசைந்தேன். மீன் கறி இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு அவ உள்ளுக்குப் போனா.