படத்தில் ரூடி இல்லை

4 நவம்பர், செவ்வாய். பாடன்

மூடுபனி. வெயிலைக் கண்டு நாளாகிறது. பல் வைத்தியரிடம் நேரம் எடுக்க வேண்டும். கிற்றாருக்குப் புதுக் கம்பி. வெந்தயம் முடிந்துவிட்டது.

நிலா என்னைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தை இன்றுதான் காட்டினாள். சனிக்கிழமை ஊஸ்டர் தியேட்டரில் முதல் காட்சி. நான் இலங்கையிலிருந்து சுவிஸுக்கு அகதியாக வந்தது, உணவகத்தில் கோப்பை கழுவியது, தமிழில் ப்ளூஸ் பாடத் தொடங்கியது, முதல் இசைத்தட்டு, எல்லாம் இருக்கிறது. இளம் கிற்றார்காரர் ஒவ்வொருவராக வந்து, கம்பியில் என் பெருவிரல் போகிற விதத்தைப் பார்த்துத்தான் பழகினோம் என்கிறார்கள். கூச்சம். சந்தோஷமும்தான், ஏன் மறைக்க வேண்டும்.

ஆனால் ரூடி இல்லை. இருபது வருடத்துக்கு மேல் எனக்குப் பின்னால் இருந்து ட்ரம்ஸ் அடித்த மனுசன். வான் ஓட்டி, பெட்டி தூக்கி, என்னோடு சண்டை பிடித்த மனுசன். ஓரிடத்தில் அவருடைய முழங்கை தெரிகிறது. அவ்வளவுதான்.

"ரூடி எங்க பிள்ளை?"

"அன்ரி, அவரை வைச்சா வெள்ளைக்காரன் ஒருத்தன்தான் உங்களைக் கண்டுபிடிச்சவன் எண்டு சனம் நினைக்கும். இது உங்கட கதை."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில்தான் கோபம் வந்தது.

5 நவம்பர், புதன்

நித்திரை இல்லை. வேலை செய்கிற சமையலறையில் சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். சமையல் பொறுப்பாளர் முறைத்தார். நானும் முறைத்தேன்.

இன்னொன்று. 'ஞாயிறு' பாட்டுக்கு எரிகிற வீடுகளைக் காட்டியிருக்கிறாள். அது முதலாளி ஞாயிற்றுக்கிழமை லீவு தரவில்லை என்ற கடுப்பில் எழுதிய பாட்டு. போரில் எங்கள் வீடு எரிந்ததுதான். அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத ஏலாது. அதை இவள் எடுத்து ஒட்டுகிறாள்.

மத்தியானம் நிலாவுக்குப் போன் எடுத்தேன்.

"ரூடி என்னைக் கண்டுபிடிக்கேல்லை. நான்தான் அவரைப் பிடிச்சனான். உனக்கு எத்தனை தரம் சொன்னனான்?"

"ஓம் அன்ரி, எனக்குத் தெரியும். பாக்கிற சனத்துக்குத் தெரியாதே."

"அப்ப தெரியப்படுத்து. அதுக்குத்தானே படம்."

"முடிஞ்சுது அன்ரி. சனிக்கிழமைக்கு முதல் ஒண்டும் மாத்தேலாது."

போனை வைத்துவிட்டேன். கெட்டிக்காரி. நல்ல பிள்ளையும்தான். அதனால் கோபம் இன்னும் கூடுகிறது.

7 நவம்பர், வெள்ளி

மழை. வேலை முடிந்து ரூடியைப் பார்க்கப் போனேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் முதியோர் இல்லத்தில். வலது கை அசையாது. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல்.

தலைமயிர் வெட்டியிருந்தார். நீலச் சட்டை ஸ்திரி போட்டுக் கதவில் தொங்குகிறது. தாதி சிரித்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்குத் தன் படம் என்று மாடி முழுக்க எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். இங்கே எங்களுக்கு வேறு கதையே இல்லை."

அவள் போனபிறகு உள்ளதைச் சொன்னேன். படத்தில் நீ இல்லை. வெட்டிவிட்டார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

இடது கையால் என் கையைப் பிடித்தார். பிறகு "பரவாயில்லை" என்றார். தமிழில். நான் பழக்கிய சொல்.

நான் கத்தியே விட்டேன். எப்படிப் பரவாயில்லை? யாருக்குப் பரவாயில்லை? அவர் சட்டையைக் காட்டினார். வருவாராம். எப்படியும் வருவாராம்.

குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

8 நவம்பர், சனி. ஊஸ்டர்

தியேட்டர் நிறைந்த சனம். ரூடி நீலச் சட்டையோடு சக்கர நாற்காலியில், நடைபாதை ஓரம். தன் முழங்கை வந்தபோது இடது கையைத் தூக்கிப் பக்கத்தில் இருந்த கிழவிக்குக் காட்டினார். என்னால் பார்க்க முடியவில்லை.

படம் முடிந்து மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதல் வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள், போரின் வலிதானே உங்கள் இசை என்று.

இல்லை என்றேன். கோப்பை கழுவி இடுப்பு நொந்த வலி. கடைசி ரயிலை விட்ட வலி. பிறகு ரூடியைப் பற்றிச் சொன்னேன். என் முதல் கச்சேரிக்கு ட்ரம்ஸ்காரன் வரவில்லை. பியர் இறக்க வந்த ஒருவர் பெட்டியில் தட்டிக்கொண்டு நின்றார். நீ வா என்றேன். அவர்தான் அங்கே இருக்கிறார், இந்தப் படத்தில் இல்லாதவர். மெதுவான பாட்டிலும் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுவார், நான்தான் இழுத்துப் பிடிப்பேன்.

சனம் சிரித்தது, எழும்பி நின்று கைதட்டியது. நிலா எனக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றாள். பாவம் என்று நினைக்கவில்லை. இன்றைக்கு இல்லை.

வெளியே ரூடியைத் தேடினேன். இல்லத்து வான் போய்விட்டது.

9 நவம்பர், ஞாயிறு

காலையில் நிலாவின் செய்தி: "அன்ரி, டிவிக்குப் போக முதல் படத்தைத் திரும்ப எடிட் பண்ணுறன். ரூடியையும் வைப்பன். அந்த வீடுகளையும் எடுக்கிறன். ஆனா மேடையில வைச்சுச் சொல்லியிருக்க வேண்டாம்." சொல்லியிருக்கத்தான் வேண்டும். "சரி பிள்ளை" என்று மட்டும் அனுப்பினேன்.

புட்டும் கோழிக்குழம்பும் கொண்டு ரூடியிடம் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். நேற்றுச் சொன்னது பிடிக்கவில்லையா என்று கேட்டேன். கழுத்து நரம்பு புடைக்க ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார்.

"நான்... ஓடவில்லை. நீ... இழுத்தாய். எப்பவும்... நீ... இழுத்தாய்."

பாட்டைப் பிந்த வைத்தது நானாம். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அதை யோசிக்க எனக்கு நேரம் இல்லை, அவ்வளவு கோபம். அத்தனை சனத்துக்கு முன் உனக்காகப் பேசினால் இதுவா பதில்? அவர் என்னைப் பொய்க்காரி என்றார். நான் அவரைச் செவிடன் என்றேன். தாதி வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

போனில் 'ஞாயிறு' பாட்டைப் போட்டேன். கேள், யார் ஓடுவது என்று நீயே கேள். இடது கையால் மேசையில் தட்டத் தொடங்கினார். நாலாவது வரி வர முதல் பாட்டை முந்திவிட்டார்.

சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை.