முதல் மூன்றுக்குள் புஜ்ஜி

புஜ்ஜியின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? போனில் பேசினால் அறையில் எல்லோருக்கும் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. குதிரைகளின் பழைய ஓட்டம், ஜாக்கி, தரையின் ஈரம் எல்லாவற்றையும் போனில் ஏஐயிடம் கொடுத்து, முதல் மூன்று இடத்துக்குள் எவை வரும் என்று கேட்பேன். இரண்டு வாரம் அப்படியே பலித்தது. சலவை ஆலையில் இப்போது எனக்குப் பேர் ஜோசியர். இந்தச் சனிக்கிழமை பந்தயத்துக்கு மேஸ்திரியும் அறைக்காரர்களும் என்னை நம்பிச் சம்பளத்தையே கட்டிவிட்டார்கள்.

நேற்று விளையாட்டாக, குதிரைகளோடு நம் புஜ்ஜியின் பேரையும் சேர்த்துக் கேட்டேன். ஈரத் தரையில் புஜ்ஜி நன்றாக ஓடும், கடைசியில் வேகமெடுக்கும், நிச்சயம் மூன்றுக்குள் வரும் என்றது. தவழ்கிற பிள்ளையை. சிரித்தேன். பாதியிலேயே நிறுத்தி, குதிரைகளுக்குச் சொல்லியிருந்ததை எடுத்துப் பார்த்தேன்; அதே வார்த்தைகள்.

பின்னாலிருந்து மேஸ்திரி என் தோளில் கை வைத்தார். "புஜ்ஜியா? நல்லா இருக்கே. எந்த ரேஸ்ல ஓடுது?"

"அது ஓடலண்ணே. விலக்கிட்டாங்க."

"மத்ததெல்லாம் சரிதானே? பொண்டாட்டி நகையையும் வச்சுட்டேன்டா."

தலையாட்டினேன். அவர் கையை எடுக்கவே இல்லை.

நீ பயப்படாதே. வருகிறவர்களிடம் தைலம் கொடுத்தனுப்பு. தெரியாத நம்பரிலிருந்து யாராவது என்னைக் கேட்டால், எங்கே இருக்கிறேன் என்று தெரியாது என்று சொல். புஜ்ஜி எழுந்து நின்றால் வீடியோ அனுப்பு. சனிக்கிழமைக்குள் நின்றுவிட்டால் நல்லது.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

புஜ்ஜியின் அப்பா