உடம்பில் இருப்பதே கையில்

மார்ச் 3, திங்கள்

பல் டாக்டர் இரண்டாம் கிராமத்தோடு நிறுத்திவிட்டார். காலையில், நாற்காலியில் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம் பின்னால் கேட்க, போனில் சொன்னார்:

“தம்பி, எனக்கு இனிமே என்ன வேணும்? முழுக் கவசம் இருக்கு. கோடாரி இருக்கு. கடைக்காரன்கிட்ட இல்லாத சரக்கெல்லாம் என் மூட்டையில இருக்கு. நான் எதுக்குச் சதுப்புக்குள்ள போய்க் கால் நனைக்கணும்?”

எங்கள் கணினி விளையாட்டை வெளியிடும் முன் ஆடிப் பார்த்துச் சொல்பவர்களில் இவர்தான் பொறுமைசாலி. மற்றவர்கள் போன்கூடச் செய்வதில்லை. நின்றுவிடுகிறார்கள்.

என் வேலையை ஒருமுறை அம்மாவுக்கு விளக்கினேன். எந்த எதிரி எதை அணிய வேண்டும், எந்த ஆயுதம் வைத்திருக்க வேண்டும், அவனைக் கொன்றால் என்ன கிடைக்க வேண்டும் என்று அட்டவணை போடுவது. “அப்போ நீ திருடனுக்குத் துணி மாட்டிவிடறவன்” என்றாள். அதேதான்.

ஓநாயைக் கொன்றால் வாள் விழும் விளையாட்டுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முதல் வருடம் அக்காவும் நானும் ஒரு சட்டம் போட்டோம். அவள் கையெழுத்தில் சுவரில் இன்னும் இருக்கிறது. உடம்பில் இருப்பதே கையில். எதிரி எதைப் போட்டிருக்கிறானோ அதுதான் கிடைக்கும். வேறொன்றும் கிடைக்காது.

அக்கா கவசங்களை வரைந்தாள். அழகாக வரைந்தாள். அதுதான் கஷ்டம். ஒரு கொள்ளையனைக் கொன்றால் போதும், ஆடுபவன் ராஜாவாகிவிடுகிறான்.

முதலாளி மாலையில் வந்து நின்றுகொண்டே பேசினார். “மாசக் கடைசியில வந்து பார்ப்பேன். ஆளுங்க சதுப்பைத் தாண்டி ஆடலைன்னா மூடிடலாம். மனசு விட்டுடாதீங்க.”

மனசு விட்டுடாதீங்க. மூடுவதையும் அதே மூச்சில்.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுக்கக் கொள்ளையர்களின் கவசத்தை உருவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“யாருடா இவன்?”

“பாலத்துக் கொள்ளையன்.”

“நான் வரைஞ்ச கொள்ளையன் எங்கே?”

“இவன்தான். செதில் கவசத்தைக் கடைசிக் கோட்டைக்குத் தள்ளிட்டேன்.”

“கோட்டை வரைக்கும் யாரு போறா?”

அந்தச் செதில் கவசத்துக்காக மீன் கடையில் போய் நின்று பார்த்தவள் அவள். பையின் வார் உரசும் இடத்தில், இடது தோளில் மட்டும், செதில் தேய்ந்திருக்கும். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நான் சொன்னதற்கு, “கவனிக்கலைன்னா என்ன, தேயாம இருக்குமா?” என்றாள்.

“சரி, கணக்குப்பிள்ளை” என்றாள் இன்று. எப்போதும் கிண்டலுக்குச் சொல்கிற பெயர். இன்று கிண்டல் இல்லை.

மார்ச் 10, திங்கள்

டாக்டர்: “கந்தல் பொறுக்கவா தம்பி நான் வந்தேன்? உயிரைக் கொடுத்து ஒருத்தனை அடிச்சா, ஒரு கிழிஞ்ச சட்டை. அதுவும் எனக்குப் பத்தாது.”

மறுபடியும் நிறுத்திவிட்டார். இம்முறை முதல் கிராமத்திலேயே.

மார்ச் 11, செவ்வாய்

கொடுத்தால் நிறைந்துபோய் நிற்கிறார்கள். கொடுக்காவிட்டால் வெறுத்துப்போய் நிற்கிறார்கள். இரண்டிலும் நிற்கிறார்கள்.

நடுவில் ஓர் எண் இருக்கிறது என்று நம்பித்தான் இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறேன். தலைக்கவசத்தைக் குறைத்து, வாளைக் கூட்டி, வாளைக் குறைத்து, கேடயத்தைக் கூட்டி. இல்லையென்றால்? அப்படி ஒரு நடு இல்லவே இல்லையென்றால், நான் மூன்று வருடமாக என்னதான் செய்துகொண்டிருந்தேன்?

திரும்பும் பேருந்தில் எதிரே ஒருவர். இவர் விழுந்தால்: ஒரு குடை, தேய்ந்த செருப்பு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. பக்கத்தில் ஒரு பெண்: ஒற்றைக் கம்மல். இன்னொன்றைத் தொலைத்தது அவளுக்கு இன்னும் தெரியாது. இப்படித்தான் பார்க்கிறேன் இப்போதெல்லாம், மனிதர்களை.

பிறகு ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டேன்.

ஒரு சாவி. அவ்வளவுதான்.

நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. கடைசி வரை போய்த் திரும்பி வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

முதலாளி போனில் வழி சொன்னார். “கவசம் போட்டுக்கிட்டே இருக்கட்டும்ப்பா. பார்க்க நல்லா இருக்குல்ல? செத்தா கொடுக்காதே. எல்லா விளையாட்டுலயும் அப்படித்தானே? யாரு கேக்கப் போறா?”

அக்கா கேட்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

செய்துவிட்டேன். அக்கா மதியம் வெளியே போயிருந்த நேரத்தில்.

மார்ச் 17, திங்கள்

கையில் டீ இருந்ததால் போனை மேஜையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். இவ்வளவுதான் நான் செய்தது. டாக்டரின் குரல் அறை முழுக்க:

“மார்ல முழுச் செதிலோட செத்தான் தம்பி. கிட்ட போய்த் தொட்டுப் பார்த்தா ரெண்டு மூலிகை. போட்டிருந்த கவசத்தை யாரு தின்னா?”

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் மீறி எல்லார் காதிலும் விழுந்தது. நிரல் எழுதும் ஆமைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். (முதுகில் எப்போதும் ஒரு பை, உட்கார்ந்திருக்கும்போதும். அக்கா வைத்த பெயர்.)

அக்கா திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேலைக்குத் திரும்பினாள்.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டிலும் பேசவில்லை. ஒரே சமையலறை, ஒரே குழாய். ஒருவர் நகர மற்றவர் காத்திருக்கிறோம், வரிசையில் நிற்கும் அந்நியர்கள் மாதிரி.

அம்மா போன் செய்தாள். அக்கா சிரித்துச் சிரித்துப் பேசினாள். பிறகு போனை என் பக்கம் நீட்டி, சுவரைப் பார்த்து, “அம்மா கேக்கறாங்க” என்றாள்.

“ரெண்டு பேரும் சண்டையா?” என்றாள் அம்மா.

“இல்லையே. ஏன்?”

“அவ ரொம்பச் சிரிக்கிறா.”

மார்ச் 19, புதன்

ஆமை சொல்லித்தான் தெரிந்தது. ஒரு விளம்பரக் கம்பெனியில் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு ஊர். ஒன்றாம் தேதியிலிருந்து. சோப்பு உறைக்குப் படம் வரைவாள்.

எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். செதில், தோல், இரும்பு, எல்லாம். போட்டிருப்பது கிடைக்கும். பழைய சட்டம். எப்படியும் மூடத்தான் போகிறார்கள். தோற்பதென்றால் அவள் கையெழுத்துக்குக் கீழே நின்று தோற்கலாம்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சுவது மாதிரி இருக்கும். கெஞ்சத்தான் தோன்றுகிறது. அதனால்தான்.

மார்ச் 21, வெள்ளி

எதிர்பார்த்ததுதான், மறுபடி கவச வெள்ளம். தூக்க முடியாததையெல்லாம் வழியிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். பாலம் முழுக்கத் தலைக்கவசம் உருள்கிறது. கணினி திணறுகிறது, திரை விக்கி விக்கி நகர்கிறது.

“நான் பாத்துக்கறேன்” என்றார் ஆமை. அவருடைய இன்றைய பேச்சு முடிந்தது.

மார்ச் 24, திங்கள்

டாக்டர் போனில்:

“என்னைக் கொன்னது யாரு தெரியுமா? பாலத்துக்குக் கீழே நிக்கிற ஒல்லிப்பய. சும்மா ஒரு குச்சி வெச்சிருப்பானே, அவன். இன்னிக்கு அவன் கையில என் கோடாரி.”

“உங்க கோடாரி மாதிரி ஏதாவது—”

“மாதிரி இல்ல தம்பி. என் கோடாரி. பிடியில நான் கட்டின சிவப்புத் துணி இருக்கு. வேண்டாம்னு பாலத்துல போட்டேன். எடுத்து என் மண்டையிலயே போட்டான். போட்டுட்டு, நான் விழுந்தப்புறம் என் பூட்ஸையும் கழட்டிக்கிட்டான்.”

ஆமையிடம் போனேன். மெதுவாக விளக்கினார். தரையில் கிடந்தால் கணினி திணறுகிறது. அதனால் பக்கத்தில் இருக்கும் எதிரி எவனாவது பொறுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.

“பொறுக்கினது சரி. ஏன் மாட்டிக்கிட்டான்?”

அவர் சுவரைக் காட்டினார். “உடம்பில் இருப்பதே கையில். அப்போ கைக்கு வந்தது உடம்புல இருக்கணும்ல? இல்லேன்னா அவன் செத்தா எப்படிக் கிடைக்கும்?”

தலைகீழாகப் படித்திருக்கிறார். வாதத்தில் ஓட்டையும் இல்லை.

இப்போது யார் எதைப் போட்டிருக்கிறான் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொருவர் ஆட்டத்திலும் வேறு வேறு. என் அட்டவணையில் ஒரு கட்டம்கூட உண்மையில்லை. மூன்று வருடம் — ஒரு கட்டம்கூட.

“இந்தப் பொறுக்கற வேலையை எடுத்துடுங்க” என்றேன்.

“ரெண்டு நாளாகும்.”

படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கீழே கண்ணாடி அறுபடும் சத்தம். அழ வேண்டும் போல் இருந்தது, வரவில்லை. அதற்கும் ஏதோ எண்ணைக் குறைத்து வைத்திருக்கிறேன் போல.

மார்ச் 25, செவ்வாய்

மன்னிப்புக் கேட்க டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். இன்று லீவு என்றாள் நர்ஸ். உடம்பு சரியில்லையோ? அவர் எண்ணுக்கே போட்டேன்.

“வீட்டுலதான் இருக்கேன். சீக்கிரம் சொல்லு.”

“அந்தக் கோடாரி விஷயம், டாக்டர். தப்பு எங்க மேலதான். ரெண்டு நாள்ல சரி பண்ணிடறோம்.”

“என்னத்தைச் சரி பண்ணப் போறே? அவன் சதுப்புக்குள்ள ஓடிட்டான். இடுப்பளவு தண்ணியில நான் பின்னாலயே போயிட்டிருக்கேன். அவன் கிடைக்கிற வரைக்கும் எதையும் தொடாதே. தொட்டே, இனி உனக்குப் பல் வலிச்சா என்கிட்ட வராதே.”

“லீவு போட்டது இதுக்கா?”

“வேறெதுக்கு? அப்புறம் ஒண்ணு கேட்டுக்கோ. இப்பெல்லாம் வேண்டாத தலைக்கவசத்தைக் கிராமத்துக் கிணத்துல போட்டுடறேன். எவன் தலையிலயும் ஏறக் கூடாது பாரு. தேவையில்லாம ஒருத்தனை அடிக்கிறதும் இல்ல. அடிச்சா, அவன் கவசத்தை யாரு சுமக்கிறது? வைக்கிறேன்.”

போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

தனக்கு வேண்டாதது அடுத்து எங்கே போகும் என்று ஒருவர் யோசித்துக் கிணறு வரை நடக்கிறார். இதை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்க முடியும்?

ஆமையிடம், எடுக்க வேண்டாம் என்றேன்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்றார்.

மார்ச் 26, புதன்

பயம். ஒரு டாக்டர் லீவு போட்டால் விளையாட்டு பிழைத்துவிடுமா? மற்றவர்கள் போன் செய்வதில்லை. மற்றவர்கள் எப்போதும் போன் செய்வதில்லை.

அக்கா பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். கூடத்தின் நடுவில். அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

மேஜையைக் காலி செய்ய வந்தாள். வண்ணக் குச்சிகள், குவளை, மீன் படங்கள். நான் திரையைப் பார்ப்பது மாதிரி இருந்தேன்.

ஆமை எழுந்து போய்த் தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். “உங்க செதில் கவசம். ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுப் போங்க.”

அக்கா எங்கள் விளையாட்டை ஆடியதே இல்லை. வரைவாள், அவ்வளவுதான். உட்கார்ந்தாள். ஆமை மாட்டிவிட்ட செதில் கவசத்தோடு தட்டுத்தடுமாறிப் பாலம் வரை போனாள். அங்கே கொள்ளையர்களுக்குச் சமைக்கிற தடியன், கரண்டியால் இரண்டு அடி. விழுந்தாள்.

தடியன் குனிந்தான்.

“கழட்டறான்” என்றாள்.

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“என் கவசத்தைக் கழட்டறான்டா.”

டா. திரும்பிப் பார்க்கவில்லை, ஆனாலும் அது எனக்குத்தான்.

“ஒரு வரி போட்டா போதும்க்கா, உன் உடம்புக்கே திரும்ப வந்துடும்” என்று விசைப்பலகைப் பக்கம் கை நீட்டினேன்.

“கையை எடு.”

ஒரு விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். செத்தாள். போனாள். மறுபடி செத்தாள். மதியச் சாப்பாடு அவள் பக்கத்தில் ஆறிப்போய்க் கிடந்தது. ஆமை நின்றபடியே வேலை செய்தார்.

மார்ச் 31, திங்கள்

முதலாளி வந்தார். ஆடியவர்களில் பாதிக்கு மேல் சதுப்பைத் தாண்டியிருக்கிறார்கள். போன் செய்யாதவர்கள்தான். நம்பாமல் இரண்டு முறை பார்த்தார். என்ன செய்தேன் என்று கேட்டார். “ஆமையைக் கேளுங்க” என்றேன். ஆமை தோளைக் குலுக்கினார்.

“சரி. ஓடட்டும்” என்றார்.

நாளை ஒன்றாம் தேதி. பெட்டி கூடத்திலேயே இருக்கிறது. அக்கா எதுவும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மூடிடலாம், ஓடட்டும் என்று முதலாளி சொன்ன மாதிரி இதற்கும் யாராவது வந்து சொல்லிவிட்டால் தேவலை.

ஏப்ரல் 2, புதன்

நான் வேலைக்குப் போனபோது அக்கா தன் மேஜையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். திரையில் அந்தத் தடியன், அவளுடைய கவசத்தில்.

“இவனுக்கு இது மாட்டாது” என்றாள் தலை தூக்காமல். “என் ஆளு ஒல்லி. இவன் வயித்துக்குப் பக்கவாட்டுல ஒரு சாண் இடைவெளி வரும். வார் எட்டாது.”

“அதனால?”

“கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்பான்.”

வரைந்தாள். முடிச்சு அவசரமாகப் போட்ட முடிச்சு. செதில்களுக்கு நடுவே சதை பிதுங்கியது. இடது தோளில் தேய்ந்த இடம் அப்படியே இருந்தது.

“ஒவ்வொருத்தனுக்கும் வரையணும். யாரு யாரோடதை எடுத்துப் போட்டா எப்படி இருக்கும்னு. வருஷக்கணக்காகும்.” குச்சியைச் சீவிக் கூராக்கினாள். “கயிறு இவனுக்கு எங்கே கிடைச்சுது, கணக்குப்பிள்ளை?”

யோசித்தேன். “சதுப்புல படகுக்காரன் இருக்கானே.”

“அவன்கிட்ட கயிறு இருக்கா?”

இல்லை. அட்டவணையைத் திறந்தேன்.

படகுக்காரன். இடுப்பில்: கயிறு.