சோளத் துளிருக்கு முன்னால் ஒரு பலகை

ஆடுகள் குடித்து முடிக்கிற வரைக்கும் தான் தண்ணி குடிக்காத என் சென்னம்மாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன். என் கையாலேயே. சிரிக்காதே. நீ கண்ணை மூடின பிறகு மாதாகோயில் பள்ளிக்கூட வாத்தியாரிடம் எழுத்துப் படித்தேன். இந்த நாலு வரி எழுதுவதற்குள் பட்டி ஆடெல்லாம் அசைபோட்டு முடித்துவிட்டது! உலகச் சண்டைக் காலம், காகிதம் கிடைப்பதே பெரும்பாடு. நேராக விசயத்துக்கு வருகிறேன்.

மழை தவறின அந்த வருசம் நினைவிருக்கிறதா? அறுத்த சோளக் கட்டையில் பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. "துளிர்ல வுடாதீங்க, அது நஞ்சு. காஞ்ச சோளத்தட்டு போட்டு, அப்புறமா தண்ணி காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாய்வீட்டுக்குப் போனாய். பொம்பளை பேச்சுத்தானே என்று பசித்த ஆடுகளைத் துளிரில் விட்டேன். கையோடு கிணற்றுத் தொட்டியில் தண்ணியும் காட்டினேன். தொட்டியைச் சுற்றியே ஒன்பது ஆடு விழுந்தது.

திரும்பி வந்த நீ, செத்த ஆடுகளின் கழுத்து மணிகளை அவிழ்த்து என் மடியில் போட்டாய். திட்டியிருக்கலாமே, ஏன் திட்டவில்லை?

இந்த வருசமும் மழை இல்லை. பெரிய தோட்டத்துக்காரர் தன் சோளக் காட்டுக்கு எரு வேண்டுமென்று, ஆட்டைத் துளிரில் விட்டுக் கிடை போடச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

"அப்படின்னா என் கிணத்துத் தண்ணியும் கிடையாது, போ."

போனேன். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணி காட்டுகிறேன். அதோடு விட்டேனா? வெளியூர் மந்தை ஏமாந்துவிடக் கூடாதே என்று, நீ சொன்னதை அப்படியே பலகையில் கரியால் எழுதி வண்டித்தடத்தில் நட்டேன்.

"ஏண்டா கிழவா, படிக்கத் தெரிஞ்ச ஆடு எதுடா?" என்று தோட்டத்துக்காரர் பிடுங்கி எறிந்தார்.

"ஆடு படிக்காதுங்க. நான் படிச்சுக் காட்டுவனுங்க."

மூன்று தடவை பிடுங்கினார். மூன்று தடவையும் எழுதி நட்டேன். எழுத்து அழகாகிக்கொண்டே வருகிறது, சென்னம்மா!

நேற்று கம்பைநல்லூர் போகிற மந்தை ஒன்று வந்தது. ஓட்டி வந்தவள் ஒரு பொம்பளை. "இன்னா எழுதியிருக்குதுங்க, பெரியவரே?" என்றாள். நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிக்கிற வரைக்கும், கோலைக் குறுக்கே நீட்டி ஆடுகளைத் தடுத்து நின்றாள்.

"இதைச் சொன்னது யாருங்க?"

"என் வூட்டுக்காரி."

மந்தையைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள்.

அவர் பிடுங்கட்டும். பலகையை உடைத்தால் பாறையில் எழுதுவேன். இனி அடியில் உன் பேரையும் சேர்த்தே எழுதுவேன். இது சத்தியம்.

அன்றைக்கு உன் பேச்சைக் கேட்காத,
உன் வூட்டுக்காரன்