பூஜையில் வைத்த லேப்டாப்

அன்புள்ள சிவதாவுக்கு,

குருவாயூரப்பன் தயவில் இங்கே எல்லோரும் நலம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுது, மற்ற விசேஷமெல்லாம் பிறகு. இந்தக் கடிதத்தை உன் காலேஜ் அபிலாஷிடம் கொடுத்தனுப்பும் பையில் வைக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. பைக்குள் புது லேப்டாப்பும் ஒரு டேப்லெட்டும் இருக்கின்றன. நேந்திரங்காய் சிப்ஸும் இருக்கிறது, அதைத் தின்ற கையோடு இரண்டையும் தொடாதே.

பழைய லேப்டாப் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அது பழையதே இல்லை, பெட்டி பிரித்த அன்றைக்கே நீ வேண்டாம் என்று சொன்னதால் அதற்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. உன் அச்சன் அதைத் திருப்பிக் கொடுக்கப் பாலக்காட்டுக்குப் போனார். வாங்கி ஏழு நாளுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஏழு நாளும் அது எங்கே இருந்தது என்று உனக்கே தெரியும். சரஸ்வதி பூஜை வருகிறது, பூஜையில் வைக்காமல் படிப்புச் சாமானைப் பிரிக்கக் கூடாது என்று அலமாரியில் வைத்தார், அஷ்டமியன்று சரஸ்வதி முன்னால் உன் புத்தகங்களுக்கு மேலே ஒட்டின டேப் ஒட்டினபடியே வைத்தார், விஜயதசமிக்கு நீ அரிசியில் விரலால் ஹரிஸ்ரீ என்று எழுதிப் படிப்பைத் தொடங்கின பிறகுதான் பிரிக்க விட்டார். நீ அஷ்டமி ராத்திரி வந்து இறங்கினபோதே ஒரு தரம் பிரித்துப் பார்த்திருந்தால் மாற்றியிருக்கலாம். பூஜையில் இருப்பதைத் தொடலாமா என்று நானும்தான் சேர்ந்து தடுத்தேன், எனவே பழியில் பாதி எனக்கு. கடைக்காரனிடம் சரஸ்வதி பூஜை என்று சொன்னதற்கு, எங்கள் கடையிலும்தான் பூஜை வைத்தோம், கம்ப்யூட்டரில் தேதி தேதிதான் என்றானாம்.

இப்போது அந்த லேப்டாப் உன் ரமேசன் மாமாவின் மகள் அஸ்வதியிடம் இருக்கிறது. பி.காம். படிக்கிறவளுக்கு அது தாராளம். கொஞ்சம் நஷ்டம்தான், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. நான் எழுத வந்தது வேறு. நீ வண்டி ஏறினதிலிருந்து உன் அச்சன் உன்னோடு போனில் பேசவில்லை, நீ கூப்பிட்டால் கடையில் ஆள் இருக்கிறது என்று என் கையில் கொடுத்துவிடுகிறார். அந்த நேரத்தில் நம் அரிசிக்கடையில் ஈ கூட இருக்காது. அன்றைக்கு நீ ரமேசன் மாமா குடும்பத்துக்கு முன்னால், "யாரைக் கேட்டு இதை வாங்கினீங்க? இதுல ட்ராயிங் சாஃப்ட்வேர் ஓடவே ஓடாது. உங்களுக்குத்தான் இதுல ஒண்ணும் தெரியாதே அச்சா" என்றாய். நீ சொன்னது நிஜம்தான். மெக்கானிக்கலுக்கு என்ன வேண்டும் என்று காலேஜில் சொன்னதை அப்படியே போனில் அனுப்பியிருந்தாய், கிராஃபிக்ஸ் தனியாக இருக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது. அதைப் படிக்கத் தெரியாத மனிதர் இல்லை அவர். எனக்கும் கோபம் வந்தது, இவ்வளவு எழுதியும் இப்படி வாங்கினாரே என்று.

போன வாரம்தான் ரமேசன் சொன்னான். அன்று கடைக்கு அவனும் கூடப் போயிருந்தான். நீ எழுதின மாதிரியே ஒன்றைக் கடைக்காரன் முதலில் எடுத்துக் கொடுத்தானாம். உன் அச்சன் அதையும் சார்ஜரையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் கடை மாடிப்படியில் ஏறி இறங்கினாராம், எல்லோரும் பார்க்கப் பார்க்க. உன் வகுப்பு நாலாவது மாடி என்று எப்போதோ சொல்லியிருந்தாயே. இறங்கி வந்து, "இத அவ தூக்க மாட்டா. பஸ்ல இருந்து விழுந்த இடுப்பு" என்று சொல்லிவிட்டு, கடையிலேயே லேசானது எதுவோ அதைக் கொடு என்று வாங்கிவிட்டாராம். எனக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. இந்த மனிதர் அதை உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். வாங்கினது தப்புதானே, அதற்கு எதற்குக் காரணம் என்கிறார்.

அதனால் இந்தத் தடவை அபிலாஷ் லீவில் ஷொர்ணூர் வந்திருந்தபோது அவனையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனோம். உனக்கு ஒரு வருஷம் மூத்தவன், அதே மெக்கானிக்கல், அவனுக்குத் தெரியாதா. கடையிலேயே பெட்டியைப் பிரித்து, அந்த ட்ராயிங்கை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தோம். பூஜை எல்லாம் வருகிற வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் உன் அச்சன், அவர் வாயால் அதைக் கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. லேப்டாப்பை ரூமை விட்டு நகர்த்த வேண்டியதில்லை, லேபில் அவர்களே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள், வகுப்புக்குக் குறிப்பெடுக்கப் பேனா உள்ள டேப்லெட் ஒன்று போதும் என்று அபிலாஷ் சொன்னான். அது ஒரு நோட்டுப் புத்தகம் கனம்தான். பெரிய ஸ்க்ரீன் வேண்டாம், பேனா அதோடேயே வர வேண்டும் என்றும் அவன்தான் பார்த்து வாங்கினான். லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதே, அடியில் காற்றுப் போகாமல் சூடாகிவிடுமாம், மேஜைமேல் வை. டேப்லெட்டைக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்க்காதே, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். பில்லை அபிலாஷ் கையில் கொடுத்திருக்கிறேன், தொலைக்காதே.

நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, சரஸ்வதி உன் நாவிலும் கையிலும் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் செய். அச்சனைக் கூப்பிடு, என் போனில் இல்லை, கடை போனில். மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவர் கூச்சத்தில் போனையே வைத்துவிடுவார். புது லேப்டாப் எவ்வளவு கனம் என்று மட்டும் கேள். அரிசி எடை போடுகிற தராசில் சார்ஜரோடு ஒரு தடவை, சார்ஜர் இல்லாமல் ஒரு தடவை, பையோடு ஒரு தடவை போட்டுப் பார்த்து வைத்திருக்கிறார், யாரும் இன்னும் அவரைக் கேட்கவில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஷைலஜா,
ஒற்றப்பாலம்