கணக்கில் வராத ஐஸ்

மார்ச் 4
மச்சான் கத்தாரிலிருந்து பேசினார். லீவில் வந்தபோது அவர் மாடியில் போட்டுவிட்டுப் போன குழாய்களில் கீரை எழும்பிவிட்டது. மண்ணே கிடையாது. உரம் கலந்த தண்ணீர் மோட்டாரில் ஏறி, வேரை நனைத்துக்கொண்டு ஓடி, மறுபடி தொட்டிக்கே வந்துவிடுகிறது. கொல்லையில் மண்ணிலும் அதே விதைதான். எது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். "கொழாயி ஜெயிச்சுதுன்னா வேலைய வுட்டுட்டு வந்துடறேன் சாதிகா. கருவேப்பிலங்குறிச்சி நெலத்துல பெருசா போட்டுடலாம்."

வந்துடறேன். கல்யாணமான எட்டு வருஷத்தில் இந்தச் சொல்லை இப்போதுதான் கேட்கிறேன்.

மார்ச் 21
வீட்டில் மோட்டார் சத்தம் மட்டும்தான். அதற்குப் பதில் சொல்லவும் ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரல் 9
வெயில். தொட்டியில் கை வைத்தால் வெந்நீர். பக்கத்து வீட்டுக் கனகா வேரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெந்து போயிருக்குதுக்கா" என்றாள். பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஃப்ரீசரில் உறைய வைத்துத் தொட்டியில் போட்டேன். இனி மழை வரும்வரை தினமும் இதுதான் வேலை.

ஏப்ரல் 26
மண் குடித்ததில் பத்தில் ஒரு பங்குகூட குழாய் குடிக்கவில்லை. சொன்னதும் மச்சான் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஐஸைப் பற்றிச் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜ் ஓயாமல் ஓடுவதையும் சொல்லவில்லை.

தண்ணீரைத்தானே கேட்டார்?

மே 7
இந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போகிறாராம். தலையணைக்குப் புது உறை தைத்தேன். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

மே 13
காலையிலிருந்து கரண்ட் இல்லை. மோட்டார் நின்றுவிட்டது, ஐஸும் கரைந்துவிட்டது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு மாடிக்குப் போனால் குழாய்க் கீரை மொத்தமும் தலை சாய்ந்து கிடந்தது. குடத்தோடு ஓடி ஊற்றியும் பிழைக்கவில்லை. கொல்லைக் கீரையும் வாடித்தான் இருந்தது. பொழுது சாய்ந்ததும் தானாக நிமிர்ந்துகொண்டது.

ஏண்டி சாதிகா, ஒரு மாடிக்கே இந்தப் பாடு. அந்தப் பெரிய நெலத்துக்கு எத்தன ஃப்ரீசர் வாங்கி வப்பே? உனக்குத் தனியா கெடக்க முடியலன்னு, இருக்கற வேலையயும் வுட்டுட்டு வந்து அந்த மனுஷன் தலையில துண்டு போட்டுக்கணுமா —

மே 14
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நல்லவேள, இப்பவாவது சொன்னே" என்றார். குரலில் நல்லவேளை எதுவும் இல்லை.

ஜூன் 2
இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

கொல்லைக் கீரையைக் கனகாவும் நானும் பறித்தோம். பாதியை அவளிடமே கொடுத்தேன். ஒருத்திக்கு எவ்வளவு கீரை வேண்டும்?

அவள் போனதும் மாடிக்குப் போய்க் காய்ந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டேன். குழாய்களைக் கழுவி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரைப் போட்டேன். வெறும் தண்ணீர்தான் ஓடுகிறது; சத்தம் மட்டும் அதே சத்தம். இந்தக் கரண்ட்டை எந்தக் கணக்கில் எழுதுவது? கொஞ்ச நேரம் ஓடட்டும்.